1,87,200 ரூபாய் போச்சு: அலுமினிய மறைப்பு வேலி போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

முந்தாநாள் சாயங்காலம் அடித்தது கஜா புயல் இல்லை. கோடை மழைக்கு முன்னால் எப்போதும் வரும் புழுதிக் காற்று, கால் மணி நேரம், அவ்வளவுதான். அதற்கே பின்கட்டு வேலியில் மூன்று தட்டிகள் வயிறு தள்ளி, பட்டைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு கிணற்றடியில் விழுந்து கிடக்கின்றன. இரண்டு தூண்கள் வேரோடு சாய்ந்திருக்கின்றன. வேலி போட்டு முடித்து 23 நாள்தான் ஆகிறது. கொடுத்த பணம் 1,87,200 ரூபாய்.

கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். அலுமினியக் கதவு, ஜன்னல், ரோலிங் ஷட்டர், வேலி எல்லாம் போட்டுத் தருவதாக போர்டு வைத்திருக்கும் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் இப்போது இந்த வேலை பரவலாக நடக்கிறது. பழைய வீடுகளின் பின் சுவர்கள் மழையில் உட்காருகின்றன, பக்கத்து வீடு தங்கும் விடுதியாகிறது, பின்கட்டில் வத்தல் காயப்போடக்கூட மறைப்பு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எப்படிச் சரியாகப் போட வேண்டும் என்பதையும் கடைசியில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலி என்னவென்று தெரியாதவர்களுக்கு: சதுரத் தூண்களின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை காடி, அதாவது நீளமான பள்ளம், ஓடும். ஆறு அங்குல அகலமுள்ள உள்கூடான பட்டைகளை மேலிருந்து அந்தக் காடிக்குள் இறக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பில் நாக்கு, கீழ் விளிம்பில் காடி. ஒன்றன் மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும், நடுவே துளி வெளிச்சம்கூட வராது. ஆறடி உயரத்துக்கு 12 பட்டை. எங்களுக்கு 60 அடி நீளம், அதாவது 10 தட்டி, 11 தூண், 120 பட்டை. சதுர அடி 520 ரூபாய் வீதம் 360 சதுர அடிக்கு 1,87,200.

நம்பியது எங்கே என்று சொல்கிறேன். கடை மேஜை மேல் பட்டையின் மாதிரித் துண்டு ஒன்று, ஒரு முழ நீளத்தில், இருந்தது. அதை என் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. வெட்டிய முனையில் உட்சுவரும் நடுவில் இரண்டு விலாத் தடுப்பும் தெளிவாகத் தெரிந்தன. தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி வைத்துக் காட்டினார்கள், சுவர் 1.2 மில்லிமீட்டர். தூண் துண்டு 2.5 மில்லிமீட்டர். உடன் வந்த என் அம்மாவிடம், "ஆச்சி, தேக்குக் கதவு மாதிரிதான் ஆச்சி, உங்க பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிக்கும்" என்றார் கடைக்காரர். பெரிய வீடுகளில் போட்டுக் கொடுத்த போட்டோக்களை வேறு செல்லில் தள்ளித் தள்ளிக் காட்டினார். மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்தாயிற்று, அளவும் எடுத்தாயிற்று, இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? அன்றைக்கே 1,12,320 ரூபாய் அட்வான்ஸ். லாரி வந்து நின்றதும், இறக்குவதற்கு முன்பே, மீதி 74,880. "சரக்கு வந்துருச்சுல்ல, ஃபிட்டிங் என்ன ரெண்டு நாள் வேலைதானே" என்றார்கள். கொடுத்தோம்.

வந்த சரக்கு அந்த மாதிரி இல்லை. இதை அப்போதே பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பட்டையின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி அடித்து, நீல பிளாஸ்டிக் தாள் ஒட்டியே வந்தது. விழுந்த பட்டையின் மூடியை நேற்றுக் கழற்றி அளந்தேன். சுவர் 0.8 மில்லிமீட்டர். நடுவில் விலாத் தடுப்பு ஒன்றுதான். மாதிரித் துண்டின் கணக்குப்படி மீட்டருக்கு 1.2 கிலோ இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், மீட்டருக்கு 0.8 கிலோகூடத் தேறவில்லை. பட்டைக்கு 700 கிராம் குறைவு. 120 பட்டைக்கு 84 கிலோ அலுமினியம்! அலுமினியம் கிலோக் கணக்கில் வாங்கப்படும் பொருள். 84 கிலோவை அப்படியே சுருட்டிக்கொண்டு, சதுர அடிக் கணக்கில் நம்மிடம் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார்கள். ரேட்டைச் சதுர அடியில் சொல்வதே இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. சதுர அடியில் தடிமன் தெரியாது.

தூணும் அப்படியே. எட்டடித் தூண், இரண்டடி மண்ணுக்குள், ஆறடி வெளியே என்று பேச்சு. வந்தது ஏழடி. பூமிக்குள் ஓரடிதான் இருந்திருக்கிறது. நம் பக்கத்து மண் தெரியும்தானே. மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே செம்புராங்கல். கடப்பாரை போட்டால் தெறிக்கும். அதை உடைத்து இரண்டடி இறக்க ஆளுக்கு நேரம் ஆகும், கூலி ஆகும். ஓரடியில் கல் தட்டியதும் நிறுத்திவிட்டார்கள். சிமெண்ட் கணக்கைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஓரடிக்கு ஓரடி, இரண்டடி ஆழக் குழி 11 என்றால் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கிட்டத்தட்ட நாலு மூட்டை சிமெண்ட் வேண்டும். வந்தது ஒன்றரை மூட்டை. அதையும் சாயங்காலம் ஊற்றி மறுநாள் காலையே பட்டையை இறக்கிவிட்டார்கள். தண்ணீர் விட்டு ஏழு நாள் விட்டிருக்க வேண்டிய கான்கிரீட் அது. ஈரச் சிமெண்டில் அலுமினியம் நேரடியாகப் படவே கூடாது, சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார்ப் பூச்சு அடித்துத்தான் நட வேண்டும். பிடுங்கிக்கொண்டு வந்த தூணின் அடிப்பாகத்தில் 23 நாளிலேயே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

பட்டைகள் ஏன் உருவிக்கொண்டன என்பதுதான் முக்கியம். மற்ற எதையும் விட இதைக் கவனமாகப் படியுங்கள். தூணுக்குத் தூண் மையம் ஆறடி, 1829 மில்லிமீட்டர். தூண் அகலம் 100 போக இடையில் வெளி 1729. ஒவ்வொரு தூணிலும் காடியின் ஆழம் 20, ஆகவே ஒரு காடியின் உள்முனையிலிருந்து எதிர்க் காடியின் உள்முனை வரை 1769. வெயிலில் அலுமினியம் நீளும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.023 மில்லிமீட்டர். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் கறுப்பு நிற வேலியில் 40 டிகிரி வித்தியாசம் வைத்தால் ஒரு பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கும் வேலை நெளிவுக்கும் பக்கத்துக்கு நாலு, நாலரை விட்டு 1760 நீளம் வெட்டினால் போதும். இரண்டு பக்கமும் 15 மில்லிமீட்டர் காடிக்குள் பிடித்து நிற்கும். இவர்கள் வெட்டியது 1740. பக்கத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர்தான் பிடிப்பு. பட்டை ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால் மறுபக்கம் பிடிப்பே இல்லை.

ஏன் 1740? குழியில் கல் தட்டினால் தூண் ஓரங்குலம் இப்படி அப்படி நகர்ந்து நிற்கும். சரியான நீளத்தில் வெட்டிய பட்டை அப்போது உள்ளே இறங்காது. இடத்தில் நின்று ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து வெட்டச் சோம்பல். அதனால் பட்டறையிலேயே 120-ஐயும் ஒரே குட்டை அளவில் வெட்டி எடுத்து வந்துவிட்டால் எந்த இடைவெளியிலும் "போயிரும்". போகத்தான் செய்தது. விழுந்த தட்டிகளில் ஒன்றில் தூண்கள் மேலே 12 மில்லிமீட்டர் அகன்று நிற்கின்றன. அங்கே வெளி 1741, பட்டை 1740. மேல் பட்டைகள் காடிக்குள்ளேயே இல்லை! கீழ்ப் பட்டையின் நாக்கில் குந்திக்கொண்டு சும்மா நின்றிருக்கின்றன. 23 நாள் அதன் ஓரமாகப் பிள்ளைகள் விளையாடின.

காற்றின் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சம் விடாத வேலி என்றால் காற்றும் விடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஓர் ஆறுக்கு ஆறு தட்டியைச் சுமார் 57 கிலோ பாரத்தில் தள்ளும். 100 கிலோமீட்டர் என்றால் 150 கிலோவுக்கு மேல். வேகம் இரட்டித்தால் தள்ளல் நாலு மடங்கு. 2018 நவம்பர் 16-ல் கஜா புதுக்கோட்டைப் பக்கம் என்ன செய்தது என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாம். ஆறடி அகலத் தட்டிக்கு நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு தாங்கு கம்பி கட்டாயம், இல்லாவிட்டால் பட்டை வில்லாக வளைந்து, முனை காடியை விட்டு வெளியே வரும். மாதிரியில் காட்டினார்கள், வேலியில் ஒன்றுகூட இல்லை. நான்காவது தட்டியில் பட்டைகளையே தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள், காடி மேலே பார்த்து நிற்கிறது. மழைத் தண்ணீரும் செம்மண் தூசியும் உள்ளே தங்கத்தான் அது உதவும்.

திருகாணிகள் முழுவதும் சாதா இரும்பு, மேலே துத்தநாக முலாம். காந்தம் வைத்தால் 'டக்'கென்று ஒட்டுகிறது. பில்லில் "எஸ்.எஸ்.", அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று எழுதியிருக்கிறது. முலாம் தேய்ந்ததும் அந்த ஆணி துருப்பிடிக்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியமும் அரிபடும். 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர் காரைக்குடி. உலோகம் ஏன் அரிக்கிறது என்று அங்கே பல தலைமுறையாக ஆராய்கிறார்கள். அந்த வட்டாரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

இனி கடைக்காரர்களின் பதில்களைப் பாருங்கள். காற்று நின்றதும் போட்டோ அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் காலை போன் போட்டால், "அண்ணே, இயற்கைச் சீற்றத்துக்கு வாரண்டி கிடையாதுண்ணே." சரி, தடிமன் ஏன் குறைவு? "பவுடர் கோட்டிங் உரிஞ்சா அளவு குறையும்ணே." பவுடர் கோட்டிங் என்ற அந்த வண்ணப் பூச்சு 60 முதல் 80 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. இரண்டு பக்கமும் அப்படியே உரிந்தாலும் 1.2 எப்படி 0.8 ஆகும்? அதைக் கேட்டதும் "ஃபிட்டிங் டீம் வேற ஆளுங்கண்ணே, அவங்கள்ட்ட பேசுங்க" என்று ஒரு நம்பர். அந்த நம்பர்காரர், "கடையில என்ன குடுத்தாங்களோ அதைத்தான் சார் மாட்டுனோம்" என்கிறார். மத்தியானம் நேரில் போனேன். ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறாராம். மேஜை மேல் அதே மாதிரித் துண்டு, அதே இடத்தில். "உங்க மண்ணு சரியில்ல சார்" என்றான் கல்லாவில் இருந்த பையன். செம்புராங்கல்லில் கட்டிய வீடுகள் நூறு வருஷமாக நிற்கிற மண்ணைப் பார்த்து!

1,87,200 ரூபாய். சாய்ந்த தூண்களை எடுத்து, குழியை உடைத்துத் திரும்ப நட, சரியான பட்டை வாங்க, இதற்கு மேலும் செலவு இருக்கிறது. பட்டைகள் குட்டையாக வெட்டப்பட்டதால் அவற்றைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது, தூண்களை நெருக்கி நட்டால்தான் உண்டு.

முழுசாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது உட்கார்ந்து எழுத முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

விலையைக் கிலோவில் கேளுங்கள், பட்டைக்கு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். லாரியில் இருந்து நீங்கள் சுட்டிக்காட்டும் ஐந்து பட்டையின் மூடியைக் கழற்றி அளந்து, எடை போட்ட பிறகு இறக்கச் சொல்லுங்கள். மாதிரித் துண்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூணை முதலில் நட்டு, தூக்குகுண்டு விட்டுப் பார்த்து, ஏழு நாள் தண்ணீர் விட்டு, அப்புறம் ஒவ்வொரு இடைவெளியையும் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்த பின்தான் பட்டை வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். குழி ஆழத்தை நீங்களே டேப் போட்டுப் பாருங்கள், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால். நாக்கு மேலே, காடி கீழே. அடிச் சட்டத்தில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வேலி போட்ட அன்றே நீலத் தாளை உரித்துவிடுங்கள், வெயிலில் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு வராது.

பணத்தில் கால் பங்காவது வேலை முடிந்து ஒரு மழை பார்க்கும் வரை உங்கள் கையில் இருக்கட்டும்.

ஏமாந்தவர்கள் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விழுந்ததை அப்படியே போட்டோ எடுக்கும் வரை எதையும் நகர்த்தாதீர்கள். நான் இன்னும் நான்கு தட்டிகளை அளக்க வேண்டியிருக்கிறது, இருட்டுவதற்குள்.