கோடைக் கிராப்பிக்கு எது: கிராங்க்பெய்ட்டா, உயிர் மின்னோவா?

கிராப்பி என்ற நன்னீர் மீனைக் கோடையில் பிடிக்க மின்னோ என்ற உயிருள்ள சிறு மீனைத் தூண்டிலில் கோக்கலாம், அல்லது கிராங்க்பெய்ட் என்ற பொய் மீனை இழுக்கலாம். இந்த ஜூன் முதல் வாரத்தில் என் படகின் அணியத்தில் (முன்பக்கத்தில்) இருந்த, மின்னோவுக்கான பதினான்கு அடி ராடுகள் (தூண்டில் கழிகள்) எட்டையும் இறக்கிக் கொட்டகையில் வைத்துவிட்டு, அமரத்தில் (பின்பக்கத்தில்) கிராங்க்பெய்ட் இழுப்பதற்கான ராடுகளைப் பொருத்தினேன். நான்கு கோடைகள் இரண்டு முறைகளையும் மாறி மாறிச் செய்து பார்த்த பிறகு எடுத்த முடிவு இது.

நான் மீன் பிடிப்பது மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கே உள்ள ஈனிட், கிரெனடா ஏரிகளில். சார்டிஸ், ஆர்க்கபட்லா ஆகியவற்றோடு சேர்த்து இவை நான்கும் வெள்ளத் தடுப்புக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1940 முதல் 1954 வரையிலான காலத்தில் கட்டி முடித்த நீர்த்தேக்கங்கள். கலங்கல் நீர், வெள்ளை கிராப்பி மிகுதி. அந்த இனத்தின் உலகச் சாதனையான 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் 1957-இல் ஈனிட் அணையருகே பிடிபட்டதுதான்.

மின்னோ முறையில், நீண்ட ராடுகளை அணியத்திலிருந்து விசிறிபோல் விரித்து, எடை கட்டிய தூண்டில் நரம்பில் உயிருள்ள சிறு மீனைத் தொங்கவிட்டு, மணிக்கு அரை மைல் அளவில் படகை நகர்த்த வேண்டும். கிராங்க்பெய்ட் முறையில், முன்னால் தகடு பதித்த இரண்டு அங்குலப் பொய் மீனை 80 முதல் 120 அடி நரம்பு விட்டுப் பின்னால் கட்டி, மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு மைல் வேகத்தில் இழுக்க வேண்டும். கோடையில் கிராப்பி கரையை விட்டு விலகி, தன் இரையான ஷாட் (shad) என்ற சிறு மீன்களின் கூட்டங்களைத் தொடர்ந்து பழைய ஆற்றுத் தடத்தின் மேல் நடுநீரில் சிதறி நிற்கும் என்பதால், ஒரே காலை நேரத்தில் மூன்று நான்கு மடங்கு நீரைத் துழாவுகிற முறைக்கு மீன் அதிகம் கிடைப்பது இயல்பு. இதை யாரும் மறுப்பதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஜூலையில் மின்னோவை உயிரோடு வைத்திருக்கும் பாடு. 15 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. ஆகவே காற்றுக் குமிழி விடும் கருவி மட்டும் போதாது. தொட்டியைக் குளிர்விக்கவும் வேண்டும். குழாய் நீரில் செய்த பனிக்கட்டியை நேரே போட்டால் அதிலுள்ள குளோரின் மின்னோவைக் கொல்லும் என்பதால், முந்தைய இரவே புட்டிகளில் நீரை உறையவைத்து, மூடியைத் திறக்காமல் ஒவ்வொன்றாக மிதக்கவிட வேண்டும். இத்தனையும் செய்து 18 டிகிரியில் பாதுகாத்த மின்னோவை முள்ளில் கோத்து 31 டிகிரி ஏரிநீரில் இறக்கினால், அது சில நிமிடங்களில் துவண்டு, வெறும் வெள்ளைத் துணுக்காகத் தொங்குகிறது. எட்டு ராடு, ராடுக்கு இரண்டு முள். காலை பத்து மணிக்கு மேல் நான் மீன் பிடித்ததைவிடச் செத்த மின்னோவை மாற்றியதே அதிகம். ஒரு சனிக்கிழமை ஆறு டஜன் மின்னோவும் ஒன்பதரை மணிக்குள் தீர்ந்து, மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதே கரைக்குத் திரும்ப நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

கிராங்க்பெய்ட்டுக்கும் பராமரிப்பு உண்டு. ஆனால் அது வீட்டு மேசையில் விளக்கடியில் உட்கார்ந்து செய்யக்கூடியது. மரக்கட்டையில் ஒருமுறை மோதினாலே பொய் மீன் நேராக ஓடாமல் ஒரு பக்கம் சாயும். அப்படிச் சாயும் ஒன்று பக்கத்து நரம்புகளையெல்லாம் சிக்கலாக்கிவிடும். படகருகே பத்தடி விட்டு இழுத்துப் பார்த்து, நம்மை நோக்கி வரும்போது இடப்பக்கம் ஓடினால், அதே நிலையில் மூக்கிலுள்ள கம்பி வளையத்தைக் குறடால் வலப்பக்கம் மயிரிழை அளவே வளைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு வளைத்தால் அது மிகையான வளைவு. இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துத் திருத்தினால், வயிறு குலுங்க நேர்கோட்டில் வரும்.

நரம்பு எத்தனை அடி வெளியே சென்றது என்று காட்டும் எண்ணிக்கை ரீல் இல்லாமல் இந்த முறையில் இறங்க வேண்டாம். பொய் மீன் இறங்கும் ஆழம் நரம்பின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது; மெல்லிய நரம்பு மேலும் ஆழத்துக்கு விடும். நான் எல்லா ரீலிலும் பத்து பவுண்டு இழுவையைத் தாங்கும் நரம்பையே சுற்றியிருக்கிறேன். 95 அடியில் ஒன்று கடித்தால் மற்றவற்றையும் 95-க்குக் கொண்டுவருவதற்கு அதுவே வசதி. படகு வளையும்போது வெளிப்பக்கப் பொய் மீன் வேகம் கூடும், உட்பக்கத்தது குறையும். எந்தப் பக்கம் கடிக்கிறது என்பதை வைத்தே அன்றைய வேகத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

செலவில் கிராங்க்பெய்ட் தொடக்கத்தில் கனமானது. கட்டைகள் நிறைந்த பகுதிகளில் ஒரே காலையில் மூன்றை இழந்திருக்கிறேன். மும்முனைக் கொக்கி, மீனை அள்ளும் கைவலையில் மாட்டிக்கொண்டால் பிரிக்க நேரமாகும் என்பதால் ரப்பர் பூசிய வலையே நல்லது. கிராப்பியின் வாய்த்தோல் காகிதம்போல் மெல்லியது. ஓடும் படகில் ராடு விறைப்பாக இருந்தால் கிழிந்துவிடும்.

தெளிந்த நீர் ஏரிகளில் கருப்பு கிராப்பிக்கு இரண்டே நாள்தான் இழுத்திருக்கிறேன். ஆகவே என் பரிந்துரையைக் கலங்கல் நீருக்கு மட்டுமே பொருத்திக்கொள்ளவும். குளிர் நீரில் நிலைமை தலைகீழ்: மந்தமான மீன் இரண்டு மைல் வேகத்தைத் துரத்தி வராது, மின்னோவும் நாள் முழுவதும் துள்ளிக்கொண்டிருக்கும். முட்டையிடுவதற்காக மீன் கட்டைகளுக்கிடையே ஒதுங்கும் மார்ச் மாதத்தில், நானே அந்தப் பதினான்கு அடி ராடுகளை மீண்டும் அணியத்தில் ஏற்றுவேன்.