செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் ஏமாந்துவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போய், அங்குள்ள மலைகளில் உயரமான ராஜகிரியின் உச்சியைப் பார்க்காமலே திரும்பி வந்தோம். 850 ரூபாய் போனதைவிட அதுதான் மனதை அறுக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்துவிட்டது, இனி முதன்முறையாக வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா, மனைவி, பத்து வயது மகன், நான். திண்டிவனம் வழியாகப் போய்ச் சேரும்போது மணி 12. அப்பா பள்ளிக்கூட நாளில் சுற்றுலாவாக வந்து அந்த மலையில் ஏறியவர். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளமாகக் கிடக்கும், அதன் மேல் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டினால்தான் உள்ளே போக முடியும் என்று வழியெல்லாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். முட்டிவலி முற்றுவதற்குள் அவனோடு ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

வண்டியை நிறுத்தியதுமே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஒன்று. "கவுண்டர்ல கூட்டம் சார், நானே வாங்கித் தர்றேன். பெரியவங்களுக்கு 100, பையனுக்கு 50, கைடு காசும் இதுலயே அடக்கம்" என்றார். சரி என்று 350 ரூபாய் கொடுத்தேன். கையில் ஒரு ரோஸ் நிறத் துண்டுச் சீட்டைத் தந்தார். மங்கலான ரப்பர் ஸ்டாம்ப் தவிர அதில் பெயரோ தேதியோ எதுவும் இல்லை. உண்மையான டிக்கெட்டுகளை அவரே வாசலில் காட்டிவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிக்கெட் ஆளுக்கு 25 ரூபாய்தான், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம் என்பது பிறகுதான் தெரிந்தது.

"வெயில் கொளுத்துது, பெரியவரை வச்சுக்கிட்டு இப்ப ஏறாதீங்க. கீழே பாத்துட்டு நாலு மணிக்கு ஏறலாம்" என்றார். அப்பாவின் மேல் அக்கறையாகச் சொல்கிறார் என்று நம்பினேன். அப்புறம் கல்யாண மஹால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம் என்று நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார வைத்துக் கதை சொன்னார். கல்யாண மஹாலை ராஜா தேசிங்கு தன் ராணிக்காகக் கட்டினாராம். தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை, 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி இறந்துபோனார். மஹால் அதற்கு முன்பே நாயக்கர் காலத்தில் எழுந்தது. போனில் படம் எடுக்க 100 ரூபாய் வாங்கினார். திருவண்ணாமலை வரை போகும் சுரங்கம் என்று பூட்டிக் கிடந்த ஓர் இருட்டறையைக் காட்டி 200. விடைபெறும்போது இன்னொரு 200.

மணி மூன்றரைக்கு மலையேறும் வாசலுக்குப் போனால், காவலர் கையை நீட்டி மறித்தார். "மூணு மணிக்கு மேல யாரையும் ஏற விடறதில்ல சார். இருட்டறதுக்குள்ள இறங்கி ஆகணுமே." திரும்பிப் பார்த்தேன். காக்கிச் சட்டைக்காரர் தூரத்தில் வேறொரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தார். மேலே எங்களோடு வந்தால் அவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும், கீழேயே இருந்தால் அடுத்த ஆளைப் பிடிக்கலாம். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகையிட்டுப் போராடிய மலை அது. 800 அடி உயரத்தில் நின்று கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியையும் கீழே வயல்களையும் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்? காலையில் கவுண்டர் திறந்ததும் போய்விடுங்கள். டிக்கெட்டை நீங்களே வாங்கி, கையிலேயே வைத்திருங்கள். முதலில் ராஜகிரி ஏறுங்கள், கீழே உள்ளதை இறங்கி வந்து பார்க்கலாம். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், தின்பண்டத்தைப் பைக்குள் மறைத்து வையுங்கள், குரங்குகள் விடாது. கைடு வேண்டுமென்றால் கவுண்டரில் விசாரியுங்கள். நானும் அங்கே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்தத் துண்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வாசலில் மறித்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையனின் தோளில் கைவைத்து, மேலே பாலம் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். கீழேயிருந்து வெறும் பாறைதான் தெரிந்தது. அடுத்த மாதம் அவர்கள் இருவரையும் மறுபடி கூட்டிப் போகிறேன், முந்தின இரவே திண்டிவனத்தில் தங்குகிறோம்.