டர்போ மாட்டுவதா, பெரிய பைக்குக்கு மாறுவதா?

650 சிசி ரெட்டை சிலிண்டர் வண்டியில் ஒரு கட்டத்துக்கு மேல் இழுவை போதாமல் போகும். எனக்கும் போனது. எதிரில் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, இருக்கிற இன்ஜினிலேயே டர்போ மாட்டுவது, அதாவது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. மற்றது, வண்டியை விற்றுவிட்டு ஆயிரம் சிசி பைக் ஒன்றை பழையதாக வாங்குவது. நான் இரண்டாவதைச் செய்தவன், அதனால் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். டர்போ போட்ட நண்பரின் வண்டியை நிறைய ஓட்டியிருக்கிறேன், அவரோடு உட்கார்ந்து கழற்றி மாட்டியும் இருக்கிறேன். ஆனால் என் பெயரில் ஒரு டர்போ வண்டி இருந்ததில்லை.

இதே கேள்விக்கான இரண்டு விடைகளையும் 1984-ல் கவாசாகி ஒரே நேரத்தில் விற்பனைக்கு வைத்தது. ஜிபிஇசட் 750 டர்போ: 738 சிசி, 112 குதிரைத்திறன். ஜிபிஇசட் 900ஆர்: 908 சிசி, டர்போ கிடையாது, 115 குதிரைத்திறன். டர்போ வண்டி ஒன்றும் சோடை இல்லை, அந்தக் காலத்தில் நேர்கோட்டு வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆனாலும் நின்ஜா என்ற பெயரைச் சுமந்து வம்சம் வளர்த்தது 900ஆர்தான். 1982-ல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவையும், யமஹா எக்ஸ்ஜே650 டர்போவையும் இறக்கியிருந்தன. சுசுகி எக்ஸ்என்85 அடுத்து வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே நான்கு கம்பெனிகளும் டர்போ கடையைக் கட்டிவிட்டன. ஆராய்ச்சிக்கூடமும் பணமும் இருந்த கம்பெனிகளே கைவிட்ட வேலையைத்தான் நாம் ஷெட்டில் செய்யப் பார்க்கிறோம்.

டர்போவின் சுகத்தை மறுக்க மாட்டேன். நடு ஆர்பிஎம்மில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறும்போது முதுகில் ஒரு தள்ளு வரும் பாருங்கள், அது பெரிய இன்ஜினில் கிடைக்காது. மலை ஏறும்போது காற்று அடர்த்தி குறைந்தாலும் டர்போ பெருமளவு ஈடுகட்டிவிடும். மெதுவாகப் போனால் பழைய 650 போலவே சாதுவாக ஓடும். வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கும்போது, ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதற்கான இழுவை ஒரு கணம் தாமதித்து மொத்தமாக வருவதுதான் வயிற்றைக் கலக்கும். நல்ல டியூனிங்கில் இது குறையும், முழுக்கப் போகாது.

வெப்பமும் ஒரு கணக்கு. காற்றை அரை பார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி) கூடுதலாக அழுத்தினாலே அதன் சூடு சுமார் 50 டிகிரி கூடிவிடும். சூடான காற்று, கூடிய அழுத்தம், பத்துக்கு மேற்பட்ட கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு) மூன்றும் சேர்ந்தால் கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் நாக் அடிக்கும், பிஸ்டன் போகும். அதனால்தான் கவாசாகி 750-ன் விகிதத்தை 9.5-லிருந்து 7.8-க்கு இறக்கியது. பிஸ்டன், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ஈசியூ (இன்ஜின் கணினி) மேப், கிளட்ச் ஸ்பிரிங் என்று டர்போ கிட்டுக்கு வெளியே நீளும் பட்டியலை யாரும் சொல்வார்கள். செலவு, காப்பீடு, பதிவுச் சட்டம், கம்பெனி வாரண்டி பற்றியும் நான் சொல்லத் தேவையில்லை.

என்னைத் திருப்பியது ஆயில்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதைத் தாங்குவது பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான். காரில் டர்போ பெரும்பாலும் உயரத்தில் உட்கார்ந்திருக்கும், வேலை முடித்த ஆயில் தடித்த குழாய் வழியாகத் தானாகவே சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, இறங்கிவிடும். பைக்கில் எக்ஸாஸ்ட் குழாய் முன்பக்கமாக இறங்கி இன்ஜினுக்கு அடியில் ஓடுகிறது. டர்போவுக்கு இடம் கிடைப்பதும் அங்கேதான், பல நேரம் சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கும் கீழே. அங்கிருந்து ஆயில் தானாக மேலே ஏறாது. இழுத்துத் திருப்பி அனுப்பத் தனியாக ஒரு பம்ப் வேண்டும். அது திணறினால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி ஒரு பக்கம் எக்ஸாஸ்ட்டுக்கும் மறுபக்கம் காற்றுக் குழாய்க்கும் கசியும்.

நண்பரின் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரவு நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. டர்போவில் காற்றை அழுத்தும் பக்கமான கம்ப்ரஸரின் வாய்க் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் கறுப்பு ஆயில் ஒட்டியது. தண்டை இரு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், ஆட்டம் அளவோடுதான் இருந்தது. டர்போ நன்றாகத்தான் இருந்தது. பழுது அந்தச் சின்ன பம்ப்பில்.

இன்னொன்று. பெரும்பாலான பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பற்களில் அரைபட்டு, கிளட்ச் தூளைச் சுமந்து வரும் அதே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்தான் பழுக்கக் காயும் டர்போவுக்குள்ளும் போக வேண்டும். கிளட்ச் வழுக்கும் என்பதால் கார் டர்போவுக்கான ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றவும் முடியாது, கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குகளுக்கான ஜாசோ எம்ஏ தரம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வேகமாக ஓட்டிவிட்டுச் சட்டென்று அணைத்தால் பேரிங்கில் நின்ற ஆயில் கருகிக் கரியாகப் படியும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்க வேண்டும். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கிவிட்டார் நண்பர். இணைப்பு ஒன்று தளர்ந்து, தெறித்த ஆயில் பின் டயரில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே போதும், சவாரிக்குச் சவாரி குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

ஆயிரம் சிசியில் இந்தப் பாடு எதுவும் இல்லை. கையேட்டில் போட்டபடி ஆயில், ஃபில்டர், வால்வ் இடைவெளி, அவ்வளவுதான். பின் டயர் சீக்கிரம் தேய்கிறது, நெரிசலில் தொடை வேகிறது, தள்ளும்போது மூச்சு வாங்குகிறது. இருந்தும் சாவியைப் போட்டால் நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். விற்கும்போது யாரும் “யார் டியூன் செய்தது?” என்று கேட்கப்போவதில்லை. டர்போ வண்டியை விற்கப்போனால் அதுதான் முதல் கேள்வி, பலருக்கு அதுவே கடைசிக் கேள்வியும்.

சூப்பர்சார்ஜர் (எக்ஸாஸ்ட்டுக்குப் பதில் இன்ஜினே சுழற்றும் காற்றழுத்தி) கட்சிக்காரர்கள் 2015-ல் வந்த கவாசாகி எச்2-வைக் காட்டுவார்கள். அது 998 சிசி இன்ஜினைச் சூப்பர்சார்ஜரோடு சேர்த்தே, 8.5 கம்ப்ரஷன் விகிதத்தில், வரைபடத்திலிருந்தே வடித்தது. அதை ஓட்டிப் பார்க்கும் யோகம் எனக்கு வாய்க்கவில்லை, ஆனால் பின்னால் ஒட்டவைக்கும் கிட்டுக்கு அதை உதாரணம் காட்டுவது சரியில்லை.

டர்போவுக்கு நியாயமான இடமும் உண்டு. ஹயபூசா மாதிரி ஏற்கெனவே திடமான பெரிய இன்ஜின், நேர்கோட்டுப் பந்தயம், ஓட்டுவதைவிடக் கழற்றி மாட்டுவதில் ஆசை கொண்ட மனசு, தினமும் வேலைக்குப் போக வேறொரு வண்டி. இந்த நான்கும் இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒற்றை சிலிண்டர் வண்டிக்காரர்கள் மட்டும் இன்னொரு முறை யோசிக்கட்டும். அதன் எக்ஸாஸ்ட் விட்டுவிட்டு வருவதால் டர்போ சீராகச் சுழல்வதே பாடு.

போடத் துணிந்தவர்கள் மாட்டித் தருபவரிடம் எத்தனை குதிரைத்திறன் கிடைக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள். ஆயில் திரும்பும் குழாய் எங்கே சேர்கிறது, அது ஆயில் மட்டத்துக்கு மேலா கீழா, பம்ப் நடுவழியில் நின்றால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தால் பைக்கை அங்கே விடாதீர்கள்.