செம்பு மோதிரமா, நொச்சி இலையா?

மட்டக்களப்பு என்று சொன்னாலே வெளியூர்க்காரர் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். "பாயோடு ஒட்ட வைக்கிற ஊரோ?" வந்த விருந்தாளியை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவோமாம். எனக்குத் தெரிந்து ஆட்களை ஒட்ட வைப்பது எருமைத் தயிரும் மத்தியான வெயிலும்தான்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் அக்கா மகள், பத்தொன்பது வயது, ஒரு நாள் வந்து கேட்டாள்: "சின்னம்மா, நான் விட்ச்கிராஃப்ட், அதுதான் மேல்நாட்டுச் சூனியக் கலை, பழகப் போறன். முதல்ல மோதிரம் செய்யவா, மூலிகை சேர்க்கவா?" அவள் கைபேசியில் பார்த்ததெல்லாம் வெள்ளி நிலா மோதிரமும் ரோஸ்மேரியும் வெள்ளைச் சேஜ் புகையும். வளவு மூலையில் நிற்கிற நொச்சியை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்பது நம் பரிகாரிமார் குரு வைத்துப் படிக்கிற மந்திரம் இல்லை. அது இங்கிலாந்துச் சரக்கு. அங்கே சூனியக்காரச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் வெளியே கொண்டு வந்த விக்கா என்ற சூனிய வழிபாடும், அதன் கிளைகளும். தானே செய்து தானே பழகுகிற வழி. அதனால்தான் எதில் தொடங்குவது என்ற கேள்வியே வருகிறது.

உலோகத்தை நாங்கள் முதலில் பார்த்தோம். வெள்ளிக்கு ஆசைப்பட்டாள், வேண்டாம் என்றேன். வெள்ளி உருக 960 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், பற்றவைக்கத் தீக்குழல் வேண்டும், கை நடுங்காத ஒரு பத்தர் பக்கத்தில் வேண்டும். செம்பு அப்படியில்லை, கையாலேயே வளையும். வீட்டு மின்வேலையில் மிஞ்சுகிற 7/0.67 வயரை எடுத்தால் உள்ளே ஏழு செம்பு இழைகள் இருக்கும். மூன்றை எடுத்து, அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டால் நூல் மாதிரி இளகிவிடும். பிறகு தலை பின்னுகிற மாதிரிப் பின்னி அகப்பைக் காம்பில் சுற்றினால் மோதிரம். பின்னப் பின்ன இழை இறுகும். இறுகினால் திரும்பச் சூடு காட்ட வேண்டும். முனைகளைக் குறட்டால் உள்ளே மடித்து அமுக்காவிட்டால் துணியெல்லாம் இழுபடும்.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்கிறேன். தோலை உரிக்கப் பஞ்சிப்பட்டு வயரை அப்படியே நெருப்பில் போட்டேன். பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. அரை மணித்தியாலம் கண்ணும் தொண்டையும் எரிய முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்தியால் கீறி உரியுங்கள்.

மோதிரம் மூன்றாம் நாள் விரலில் பச்சை வளையம் போட்டுவிட்டது. அவளுக்கு ஒரே புளகாங்கிதம், சக்தி இறங்கிவிட்டதாம். இறங்கியது வியர்வை. வியர்வையில் உள்ள உப்பும் அமிலமும் செம்போடு சேர்ந்தால் பச்சைதான். கல்லடி மாதிரிக் கடலும் வாவியும் இரண்டு பக்கம் இருக்கிற இடத்தில் காற்றிலேயே உப்பு. 925 முத்திரை வெள்ளியும் தப்பாது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு, காற்றில் கந்தகம் பட்டால் கறுக்கும். கறுத்த வெள்ளியைப் பார்த்து "ஆரோ ஏதோ செய்துபோட்டினம்" என்று பயப்பட வேண்டாம். கடையில் வாங்குகிற மலிவு மோதிரம் அரித்தால் அதுவும் செய்வினை இல்லை, பெரும்பாலும் நிக்கல். பஞ்சலோகத்தில் ஈயம் சேர்ப்பவர்களும் உண்டு. அதனால் யார் உருக்கியது என்று தெரியாத பஞ்சலோகத்தைச் சின்னப் பிள்ளை வாயில் வைக்கிற மாதிரிப் போட்டுவிடாதீர்கள்.

இலை தழைப் பக்கம் வந்தால் காசுச் செலவே இல்லை, கண்முன்னே மாறுகிற விஷயமும் அங்கேதான் கூட. ஒரு கோப்பைத் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு கடலையளவு போட்டுக் கலக்கச் சொன்னேன். மஞ்சள் அப்படியே இரத்தச் சிவப்பாகியது. பிள்ளை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலாத்தி எடுக்கும்போது நூறு தடவை பார்த்த தண்ணீர்தான், தன் கையால் கலக்கினால் வேறு மாதிரி. பிறகு தேசிக்காய்ப் புளி பிழிய, மறுபடி மஞ்சள். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் காரத்தில் சிவக்கும், புளிப்பில் திரும்பும். எந்த மோதிரமும் முதல் நாளிலேயே இப்படி ஒரு காட்சி தராது.

சேஜுக்குப் பதில் நொச்சி. வெள்ளைச் சேஜ் கலிபோர்னியாப் பக்கத்துச் செடி, அங்கேயே அளவுக்கு மீறிப் பிடுங்குகிறார்கள் என்று கவலைப்படுகிறார்கள். நொச்சி இலையைச் சாம்பிராணித் தணலில் போட்டால் வீடும் மணக்கும், நுளம்பும் ஓடும். வேப்பிலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மூலிகைக்கு ஒரு பெரிய குறை உண்டு: அது காத்திருக்காது. கச்சான் காற்றுக் காலத்தில் எதைத் தொங்கவிட்டாலும் சடசடவென்று காயும். மாரி தொடங்கினால் அதே இலை பூஞ்சணம் பிடித்து நாறும். மோதிரத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்திருக்கலாம். இலையை மறக்க முடியாது. இன்னொன்று நஞ்சு. ஊமத்தையும் அலரியும் வேலியில் சும்மா நிற்கிறதென்று தொடங்குகிறவர்கள் கை வைக்கக் கூடாது. அலரி விதை ஆளையே கொல்லும். வசம்பைக்கூட விழுங்கக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள ஒரு பொருளுக்காக அமெரிக்கா 1968இலேயே உணவில் அதைத் தடை செய்துவிட்டது.

எந்த உலோகத்துக்கு எந்தக் கிரகம் என்று சொல்கிற பொருத்தப் பட்டியல்கள்தான் ஆளைக் குழப்பும். மேல்நாட்டுக்காரருக்குச் செம்பு சுக்கிரன், இரும்பு செவ்வாய். நம்மிடம் செம்பு சூரியன், இரும்பு சனி. இரண்டையும் கலந்தால் காதலுக்கென்று செய்த மோதிரத்தில் சூரியன் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு பட்டியலைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள். மூலிகையில் இந்தத் தொல்லை குறைவு, வேப்பிலை எதற்கென்று அம்மம்மாவைக் கேட்டாலே போதும்.

இரண்டையும் எதிரெதிரே வைப்பது காணொளிக்காரர் வேலை என்றும் சில நேரம் தோன்றுகிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பூசை செய்கிற கப்புகனார் போற்றுகிற சிலம்பும் அங்கே இருக்கும், தெய்வம் ஆடுபவர் கையில் வேப்பிலையும் இருக்கும். பிள்ளைக்குக் கட்டுகிற வசம்பு வளையல் நகையா மூலிகையா?

ஆனாலும் கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் தீர்ப்பு மூலிகைக்கே. ஒரு மாதம் மஞ்சள், நொச்சி, வேப்பிலை, உப்பு, தேசிக்காய், அவ்வளவுதான். பிழைத்தால் குப்பையில் கொட்டலாம். அந்த மாதம் முடிந்தும் ஆசை இருந்தால் ஒரேயொரு செம்பு மோதிரம், பின்னியது, கல் இல்லாமல். இதெல்லாம் யாரையும் பாயோடு ஒட்டும் என்று நான் நம்பவில்லை. ஆனால் விடிய எழும்பி நொச்சி பறிக்கிற பிள்ளையின் கையில் அந்த நேரம் கைபேசி இருக்காது.

அவள் என்ன செய்தாள் என்றால், இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினாள். மோதிரம் மங்கியதும் உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாள், பளிச்சென்று வந்தது. அம்மம்மா எட்டிப் பார்த்தார்.

"புள்ள, அந்தத் தேசிக்காய எங்கயிருந்து எடுத்த நீ?"

"வாசல் படியில கிடந்தது."

தம்பிக்கு நாவூறு கழித்து, சந்தியில் எறிய வைத்திருந்த தேசிக்காய். மோதிரம் மூன்று நாளாக உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. அது திரும்பவும் பச்சையாகப் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன், அம்மம்மா எடுக்க விடவில்லை.