வெள்ளியங்கிரி ஏழாவது மலை: பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

வாளையார் தாண்டி, கோவை உக்கடத்தில் இறங்கி, காந்திபுரம் போய்ப் பூண்டி பஸ் பிடித்தால், ஏழு மலை ஏறி ஈசனைப் பார்க்கிற வெள்ளியங்கிரியின் அடிவாரம் வரை ஒரு சிரமமும் இல்லை. வழக்கமாகப் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை மேலே விடும். பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று துழாவுவார்கள், அதனால் பிஸ்கட், கடலை மிட்டாயையெல்லாம் வீட்டிலேயே காகிதத்தில் மடித்துக்கொள்ளுங்கள்.

அடிவாரக் கடையில் மூங்கில் தடி வாங்காமல் ஏறவே ஏறாதீர்கள். நீட்டியதை அப்படியே வாங்காமல், தரையில் ஊன்றி உடம்பு எடை முழுவதையும் சாய்த்துப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். கை பிடிக்கிற இடத்தில் சிலாம்பு இருக்கிறதா என்று தடவியும் பார்த்துவிடுங்கள். ஏறும்போது சுமையாகத் தெரியும், இறங்கும்போது முட்டியைக் காப்பாற்றுவது அதுதான்.

முதல் மலையே ஆளைச் சாய்த்துவிடும். செங்குத்தாகக் கல்படி, ஒரு படி மாதிரி இன்னொன்று இருக்காது. வெள்ளை விநாயகர் கோயிலுக்கு வருவதற்குள் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் கூச்சப்படாமல் திரும்பிவிடுங்கள். மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் ஆட்கள் இறந்த மலை இது. அப்புறம் வருகிற மலைகளில் சுனைத் தண்ணீர் உண்டு, வழிக்கடையில் சுக்குக் காபி உண்டு (சர்க்கரைதான் அதிகம்). விலையும் கூடவே ஏறும், ஆனால் அத்தனையையும் தோளில் சுமந்து வருகிறவர்களிடம் பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆறாவதில் ஆண்டி சுனையில் குளிக்கலாம், பல் கிட்டிப்போகும்.

உச்சி ஏறத்தாழ 6,000 அடி. மூன்று பெரிய பாறைகளுக்கு அடியில் சுயம்புவாக ஈசன், வெளியே நிற்க விடாத காற்று. இருட்டில் கிழக்கே கோவை விளக்குகள். வெளுத்ததும் மேற்கே சிறுவாணி அணை தெரியும். கோவைக்காரர்கள் தேனாய்ச் சிலாகிக்கிற தண்ணீர் நம்ம பாலக்காடு மாவட்டத்தில் தேங்கிக் கிடப்பதை மேலே நின்று பார்ப்பதில் ஒரு தனி குஷி.

ஆனால் சனி ஞாயிறும் சித்ரா பௌர்ணமியும் வேண்டவே வேண்டாம். கடைசி ஏற்றத்தில் வரிசையில் நின்றே பாதி ராத்திரி போய்விடும், சூரியனுக்குப் பதில் முன்னால் நிற்பவர் தூக்கிப்பிடித்த செல்போனைத்தான் பார்ப்பீர்கள். நடுவார ராத்திரி கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் இறங்கப் பாருங்கள்.

ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றைக் குறைத்தது, சாமி மலையில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போட்டுக்கொண்டு ஏறியவர்களுக்காக.