கலஹா பஸ்ஸில் வளாகத்துக்குப் போகிறவர்களுக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "கெம்பஸ் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது கண்டிக்கும் கலஹாவுக்கும் இடையே ஓடும் சாதாரண பயணிகள் பஸ்ஸைத்தான். கலஹா வீதி வளாகத்தை ஊடறுத்துப் போவதால் செனட் கட்டடமும் கலைப்பீடமும் அதன் வழியில் அமைந்துவிட்டன. பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே மேலே கலஹாப் பக்கத்து மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. இலங்கைத் தேயிலைத் தொழிலின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் அந்த மலையில்தான் இருக்கிறது. ஆகவே இது முதலில் தோட்டத்து மக்களின் பஸ். மாணவர்கள் அதில் பங்கு கேட்டு ஏறியவர்கள்.

நான் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இதே பஸ்ஸில் போய்ப் படித்து, இப்போது இதே பஸ்ஸில் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறேன். சேவை எப்படி என்று கேட்டால், நல்லது என்றே சொல்வேன். கட்டணம் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். பகல் வேளையில் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. மலைப்பாதையில் பழகிய சாரதிகள் வளைவுக்கு முன்பே ஹோர்ன் அடித்து, எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி இடம் கொடுப்பார்கள். சரசவி உயன நிலையத்தில் இறங்கினால் ரயிலிலும் வளாகத்துக்கு வரலாம். ஆனால் ரயில் நம் நேரத்துக்கு வராது.

காலை பஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரிடம் கேட்காமலே கையை நீட்டுவார். ஒரு நாள் ஜன்னலோரத்தில் ஒரு பாட்டியின் மடியில் ஒரு மாணவியின் கோப்பு, அதன் மேல் வெள்ளை மேலங்கி, அதற்கும் மேல் யாருடையதோ சோற்றுப் பொட்டலம். தன் மருந்துப் பையை மட்டும் அவர் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டார். கலைப்பீடத் தரிப்பிடம் வந்ததும் கோப்பு கை மாறிக் கை மாறிப் பின்கதவு வரை போனது. பாட்டிக்குச் சிங்களம் தெரியாது, அந்த மாணவிக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்கும் தம்பி தங்கைகளே, திரும்பும்போதெல்லாம் அது யாருடைய முகத்திலாவது இடிக்கிறது. கழற்றிக் கொடுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

குறைகளும் உண்டு. பின்னால் இன்னொரு பஸ் வருகிறது என்று கண்டதும் சில நடத்துனர்கள் அவசரப்படுவார்கள். அப்படி ஒரு பஸ்ஸில், இறங்கிய அம்மாவின் ஒரு கால் இன்னும் படியில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். கையில் குழந்தை. பேராதனையில் உள்ள சிறுவர் வைத்தியசாலைக்குப் போகிறவர். தரிப்பிடத்தில் நின்ற இரண்டு மாணவர்கள் பிடித்திராவிட்டால் கீழே விழுந்திருப்பார். நடத்துனரிடம் நான் சத்தமாகவே கேட்டேன், பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து கேட்டார்கள். இப்படி நடந்தால் எல்லோரும் வாய் திறக்க வேண்டும். ஒருவர் மட்டும் பேசினால் சண்டைக்காரர் என்று தள்ளிவிடுவார்கள்.

மிதிபலகையில் தொங்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வளாகத்தைக் கடந்து வரும் ஹிந்தகலை தாண்டியதும் வீதி ஒடுங்கி வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் மண்மேடும் கானும், மறுபக்கம் பள்ளம். எதிரே லொறி வந்தால் பஸ் மேட்டோடு ஒட்டித்தான் ஒதுங்கும், அப்போது தொங்குகிறவரின் முதுகுதான் முதலில் உரசும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் பஸ் ஏறப் போகிறவரிடம் "உள்ளே இடம் இருந்தால் மட்டும் ஏறு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பல நேரம் உள்ளே இடம் இருக்கவும் செய்கிறது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்க வேண்டும் என்று வாசலிலேயே நிற்கிறவர்களால்தான் அது நிரம்பியதுபோல் தெரிகிறது. நடுவுக்குப் போய் நில்லுங்கள். இறங்குமிடத்துக்குச் சற்று முன்பே மணியை அடித்தால் வழி விடுவார்கள். இறங்கியதும் பஸ்ஸின் முன்னால் வீதியைக் கடக்காதீர்கள். அது போகட்டும், பிறகு கடக்கலாம்.

முன் ஆசனங்கள் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை. அதில் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சிரமம் அதிகம் மாலையில்தான். இருட்டிய பிறகு பஸ்கள் குறைந்துவிடும். வருவது கண்டியிலேயே நிரம்பி வரும். வளாகத்தில் ஏறி ஹிந்தகலையில் வாடகை அறைக்குப் போகிற மாணவர்கள் நண்பர்களாகச் சேர்ந்து நடந்துவிடலாம், அல்லது தரிப்பிடத்தில் நிற்கும் தோட்டத்துப் பெண்களை முதலில் ஏறவிடலாம். கலஹாவுக்கு மேலே போகிறவருக்கு அந்தக் கடைசி பஸ் தவறினால், அன்றைய சம்பளத்தில் பெரும்பகுதி முச்சக்கர வண்டிக்கே போய்விடும்.