தேவனாம்பட்டினம் சிலம்ப வாத்தியார்: 5க்கு 4 நட்சத்திரம்

நான் எல்ஐசி ஏஜென்ட். பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துப் பழகிய கண், மகளுக்குச் சிலம்ப வகுப்பு தேடும்போதும் சும்மா இருக்கவில்லை. கடலூரில் திரும்பின பக்கமெல்லாம் மாஸ்டர்களின் ஃபிளெக்ஸ்தான். கழுத்து நிறையப் பதக்கம், பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’, கீழே ‘உலக சாதனையாளர்’. அப்படி ஒருவரிடம் விசாரித்தேன். “அடுத்த மாசமே சாதனை நிகழ்ச்சி இருக்கு மேடம், டி-ஷர்ட், சர்டிஃபிகேட் எல்லாம் சேர்த்து 1,500.” கம்பு பிடிக்கவே தெரியாத பிள்ளைக்கு என்ன சாதனை என்றேன். “கூட்டத்தோட நின்னு சுத்தினா போதும்.” ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் வகுப்பு எடுக்கும் வாத்தியாருக்குப் போர்டே கிடையாது. வயது அறுபதை நெருங்குகிறது. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கற்றவர். மாசி மகத்துக்குச் சாமிகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும்போது முன்னால் கம்பு சுற்றிப் போனதுதான் அவருக்கு அரங்கேற்றம். போட்டி, மதிப்பெண், நடுவர் வேலை எல்லாம் பிறகு வந்தவை.

“சர்டிஃபிகேட் ஏதாவது இருக்கா வாத்தியாரே?” என்று கேட்டேன். கேட்டே பழகிய வாய். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே கரையான் அரித்தது போக மிஞ்சிய காகிதங்கள். மணலில் உட்கார்ந்து அவரே அவற்றை இரண்டாகப் பிரித்தார். “இது மாநிலப் போட்டிம்மா, அடிச்சு ஜெயிச்சது. இது நடுவர் பயிற்சி. இந்தக் கட்டு சும்மா, காசு கட்டினவங்களுக்கெல்லாம் குடுத்தது. வச்சிருக்கேன், அவ்வளவுதான்.” தன் சான்றிதழில் பாதியைத் தானே தள்ளிவைக்கும் ஆளை என் தொழிலில்கூட நான் பார்த்ததில்லை. அங்கேயே மகளைச் சேர்த்துவிட்டேன்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்று மற்ற பெற்றோருக்கும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் இருக்கிறது. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். ஆனால் வேலைக்குப் போகும்போது கேட்பது அங்கீகாரம் உள்ள போட்டியில் ஆடியதற்கான ஆதாரத்தை. காசு கட்டி வாங்கிய உலக சாதனை அட்டை ஷோகேஸுக்கு அழகு.

பாடத்துக்கு வருவோம். சேர்ந்தவுடன் கம்பு கிடைக்காது. முதலில் காலடி, அதாவது கால் எடுத்துவைக்கும் முறை. பிறகும் காலடி. என் பெண் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. காலடி படிந்த பிறகுதான் பிள்ளையை நிமிர்ந்து நிற்கவைத்து, புருவ உயரத்துக்குப் பிரம்பை அறுத்துக் கொடுத்தார். ஒற்றைக் கம்பு வீச்சு ஒழுங்காக வராமல் இரட்டைக் கம்பைத் தொட விடமாட்டார். பள்ளி ஆண்டு விழாவுக்குத் தீப்பந்தம் சுற்றச் சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு அப்பா எவ்வளவோ கெஞ்சினார். “முடி பத்திக்கிட்டா நீங்க வருவீங்களா?” என்று கேட்டு முடித்துவிட்டார்.

எதிராளியைக் கம்பால் தொடும் ஆட்டமான தொடுமுறையைச் சொல்லிக்கொடுக்கும்போது கம்பு முனையில் சாம்பல் தடவிவிடுகிறார். யார் யாரைத் தொட்டார் என்பது சட்டையிலேயே தெரிந்துவிடுவதால் பிள்ளைகளுக்குள் சண்டையே வருவதில்லை. துவைக்கிற எனக்குத்தான் வேலை. கடல்காற்று எதிரே அடிக்கும் நாளில் வேண்டுமென்றே அதைப் பார்த்து நிற்கவைத்துச் சுற்றச் சொல்வார். மணிக்கட்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லையாம்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? மணலில் பழகிய காலுக்குப் போட்டி நடக்கும் கெட்டித் தரையில் திரும்புவது வேறு மாதிரி இருக்கிறது. அந்தப் பழக்கம் இங்கே போதவில்லை. மற்றது அவர் வாய். தப்பு செய்தால் பத்து பேர் எதிரிலேயே “மாடு மேய்க்கக்கூடக் கம்பை ஒழுங்காப் பிடிக்கணும்” என்பார். என் மகள் சிரித்துக்கொள்கிறாள், ஒரு பையன் அழுதுகொண்டே வகுப்பை விட்டு நின்றுவிட்டான். பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற இடமில்லை, வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வரவேண்டும். ரசீதும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பு உண்டா என்பது வானத்தைப் பார்த்துத்தான்.

கட்டணம் மாதம் 400 ரூபாய். கம்புக் காசு தனி. சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பம், ஞாயிறு மட்டும் காலையில். செருப்பைக் கரையில் விட்டால் நாய் தூக்கிப் போய்விடும், பையில் போட்டு வையுங்கள்.